நாலு நாளாகத் தீனி எடுக்காத பெட்டைக்கோழி: வெள்ளைக்கழிச்சலா, வேறு ஏதாவதா?

தக்காளித்தோட்டம் (ராயக்கோட்டை பக்கம்)
செவ்வாய், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். தக்காளியும் கேழ்வரகும்தான் வெள்ளாமை. வீட்டுக்குப் பின்னால் ஒன்பது பெட்டை, ஒரு சேவல், ஐந்து வாரக் குஞ்சுகள் பதினாலு இருக்கின்றன. கோழி என் பொறுப்பு, முட்டைக் காசும் என்னுடையது. தக்காளி விலை விழுகிற மாதங்களில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமெல்லாம் இந்தக் காசில்தான்.

அதில் மொட்டைவால் என்று ஒரு பெட்டை. போன வருஷம் கீரி பின்னாலிருந்து கவ்வியதில் வால் இறகு போனது, அப்புறம் சரியாக முளைக்கவே இல்லை. பார்க்க லட்சணம் இல்லை, ஆனால் எங்கள் கூட்டில் நல்ல அடைக்கோழி அதுதான். பன்னிரண்டு முட்டை வைத்தால் பத்தாவது பொரித்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை முதல் அது சரியில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கண்ணை மூடி நிற்கிறது. கம்பு போட்டால் ஓடி வருகிறது, ரெண்டு கொத்து கொத்திவிட்டு விட்டுவிடுகிறது. தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது. அடிக்கடி கழுத்தை நீட்டி, ஏதோ விழுங்குகிற மாதிரி தலையை உதறுகிறது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கொஞ்சமாக வருகிறது. கையில் எடுத்தால் உடம்பு கொதிக்கிறது. வெள்ளி முதல் முட்டையும் இல்லை.

நான் செய்தது: சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டி வாயில் வைத்தேன். சூடாக இருந்ததால் பிள்ளைக்கு வாங்கிய காய்ச்சல் மருந்தில் கால் மூடி ஊற்றினேன். எதிலும் மாற்றம் இல்லை. குளிர் அடித்துச் சீக்கு வந்திருக்கவும் வழியில்லை. கூடு கல் பலகையில் கட்டியது, மேலே சிமெண்ட் ஷீட். தை பிறந்தும் இங்கே பனி விடவில்லை என்று வாசலுக்கு யூரியா சாக்கைப் பிரித்துத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் எச்சத்தைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கழிச்சல் என்கிறார்கள். கோழி வியாபாரி வண்டியை நிறுத்தி 200 ரூபாய் தருகிறேன் என்றார். நல்லாயிருந்தால் 450க்குக் குறையாத கோழி. மாமியார், "இன்னைக்கு அறுத்தா குழம்பு, நாளைக்குன்னா குழி" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இது வெள்ளைக்கழிச்சல்தானா? மற்றதுக்கும் ஒட்டுமா? குஞ்சுகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.


மாடிக்கோழி (ஓசூர்)
செவ்வாய், இரவு 9.32

பச்சை வெள்ளைக் கழிச்சல், தூக்கம், காய்ச்சல். மூன்றும் இருந்தால் ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சலேதான் சிஸ்டர், யோசிக்க ஒன்றும் இல்லை. மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்சூல் கிடைக்கும். பிரித்துப் பாதிப் பொடியைச் சோற்றில் கலந்து காலை மாலை மூன்று நாள் கொடுங்கள். எங்கள் மாடியில் இருக்கிற ஆறு கோழிக்கும் எது வந்தாலும் இதுதான்.


பென்னாகரத்துக்காரி
செவ்வாய், இரவு 10.05

அக்கா, முதலில் அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் போட்டு மூடுங்க. தண்ணிச் சட்டியும் தனியாக இருக்கட்டும். மற்றக் கோழிகளுக்கு எங்கள் அம்மா செய்வதைச் சொல்கிறேன். பத்து கோழிக்குச் சீரகம் 10 கிராம், மிளகு 5 கிராம், மஞ்சள் தூள் 5 கிராம், கீழாநெல்லி ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் ஐந்து, பூண்டு ஐந்து பல். சீரகத்தையும் மிளகையும் இடித்துவிட்டு மற்றதைச் சேர்த்து அரைத்துத் தவிட்டில் பிசைந்து வைப்போம். தின்னாததுக்குச் சின்னச் சின்ன உருண்டையாக வாயில் வைப்போம். சந்தையில் கோழி சீக்கு என்று பேச்சு வந்தாலே அம்மா இதை ஆரம்பித்துவிடும்.

அப்புறம், அறுத்துச் சாப்பிடாதீங்க. என்ன சீக்கு என்றே தெரியாமல் எதற்கு.


பழைய ஊசிப்பெட்டி (அரூர்)
செவ்வாய், இரவு 11.20

அம்மா, நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிளிலும் மொபெட்டிலும் ஊர் ஊராகக் கோழி பிடித்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதில் எல்லாரும் எச்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இடித்தது வேறு. ஐந்தாவது நாள் ஆகப்போகிறது, இன்னும் ஒரே ஒரு கோழிதான் படுத்திருக்கிறது. ஊசி போடாத கூட்டத்தில் வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளாது. அது வைரஸ். மூச்சில், எச்சத்தில், தண்ணிச் சட்டியில், நம் செருப்பில்கூடப் போகும். ஒன்று தூங்க ஆரம்பித்தால் அடுத்தடுத்த நாளில் மூன்று நான்கு தூங்கும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், ஒன்றிரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலை இழுக்கும். காலையில் கூட்டைத் திறந்தால் விறைத்துக் கிடக்கும். உங்கள் வீட்டில் அப்படி இல்லை. ஆனாலும் கிருமி உள்ளே போய் வெளியே தெரிய ஐந்தாறு நாள் ஆகும், சிலதுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அதனால் தங்கச்சி சொன்ன மாதிரி தனியாக வைப்பது சரி.

பச்சை எச்சத்துக்கு வருகிறேன். பட்டினி கிடக்கிற எந்தக் கோழியும் பச்சையாகத்தான் கழியும். குடலில் தீனி இறங்கவில்லை, பித்தநீர் மட்டும் வருகிறது. அதுதான் அந்தப் பச்சை. வெள்ளை, கோழியின் மூத்திரம். நமக்கு மாதிரி அதற்குத் தனி வழி கிடையாது, சுண்ணாம்பு மாதிரி எச்சத்தோடு ஒட்டித்தான் வரும். நன்றாக இருக்கிற கோழியின் எச்சத்திலும் நுனியில் வெள்ளைத் தொப்பி இருக்கும், பாருங்கள். ஆக உங்கள் கோழியின் எச்சத்திலிருந்து உறுதியாகத் தெரிவது, அது நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான். அது உங்களுக்கே தெரியும்.

உடம்பு கொதிக்கிறது என்கிறீர்கள். கோழிக்கு இயல்பான சூடே 41 டிகிரிக்கு மேல், நம் உடம்பைவிட நாலு டிகிரி அதிகம். சுகமான கோழியும் நம் கைக்குக் கொதிக்கத்தான் செய்யும். பிள்ளை மருந்தை இனி ஊற்றாதீர்கள்.

கேப்சூல் சொன்ன தம்பிக்கு: ராணிக்கெட் என்றால் அது வைரஸ், உங்கள் கேப்சூல் அதை ஒன்றும் செய்யாது. ராணிக்கெட் இல்லை என்றால் எதற்குக் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுக்கிறோம். ரெண்டும் தப்பு. (ராணிக்கேத் என்பது உத்தராகண்டில் ஒரு மலை ஊர். நம் நாட்டில் இந்தச் சீக்குக்கு அந்த ஊர்ப் பெயரைக் கட்டிவிட்டார்கள். பாவம் அந்த ஊர்க்காரர்கள்.)

நாளைக்குக் காலையில் கூட்டைத் திறப்பதற்கு முன்னால், எந்தத் தீனியும் தண்ணியும் படுவதற்கு முன்னால், டார்ச்சோடு போய் அதைக் கையில் எடுங்கள். இறக்கை ரெண்டையும் சேர்த்துக் கக்கத்தில் அணைத்துக்கொண்டால் உதறாது. மூக்கில் சளி, கண்ணைச் சுற்றி வீக்கம் இருக்கிறதா பாருங்கள். கொண்டையில் மரு மாதிரி பொருக்கு இருந்தால் அம்மை. அலகைத் திறந்து முகர்ந்து பாருங்கள், உள்ளே மஞ்சளாகப் படலம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் இரைப்பை. முக்கியமாக அதைத்தான் கேட்கிறேன். கழுத்து முடிந்து மார்பு தொடங்குகிற இடத்தில், கொஞ்சம் வலது பக்கமாக இருக்கும். சாயங்காலம் கூட்டில் அடையும்போது எலுமிச்சம்பழம் அளவு உப்பியிருக்கும், ராத்திரியில் தீனி கீழே இறங்கி விடியும்போது காலிப் பை மாதிரி தட்டையாகிவிடும். விடிகாலையில் அது நிறைந்திருந்தால் கீழே எங்கோ வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இருக்கிற இன்னொரு கோழியையும் எடுத்து அதே இடத்தைத் தொடுங்கள், அப்போதுதான் விரலுக்கு வித்தியாசம் புரியும்.

மார்பெலும்பைத் தடவுங்கள். கத்தி மாதிரி துருத்தினால் சீக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. வயிற்றின் அடியில், பின்வழிக்குக் கீழே, கெட்டியாக முட்டை தட்டுகிறதா பாருங்கள். முட்டை சிக்கிக்கொண்டாலும் கோழி இப்படித்தான் நிற்கும், ஆனால் பின்பக்கத்தைத் தாழ்த்தி முக்கும். கடைசியாகப் பின்வழியைச் சுற்றி இறகைப் பிரித்துப் பேன், செல்லு பாருங்கள்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். ஒருவேளை ஒட்டுகிற சீக்காக இருந்தால் அவர் கூண்டில் ஏறி ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை வரைக்கும் போய்விடும்.


தக்காளித்தோட்டம்
புதன், காலை 7.15

ஐயா, நீங்கள் சொன்னபடி ஐந்தரை மணிக்கே பார்த்தேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார்.

மூக்கு, கண், கொண்டை எல்லாம் சுத்தம். கொண்டை மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. முட்டை தட்டவில்லை. செல்லு கொஞ்சம் இருக்கிறது, எல்லாக் கோழிக்கும் இருக்கிற அளவுதான். மார்பெலும்பு நன்றாகவே துருத்துகிறது. இவ்வளவு இளைத்திருக்கிறது என்று இறகுக்குள் தெரியவே இல்லை.

இரைப்பைதான். கொய்யாக்காய் அளவில் கெட்டியாக இருக்கிறது, அமுக்கினால் பிசைந்த களி மாதிரி விரல் பதிகிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் தளதளவென்று ஆடுகிறது. அலகைத் திறந்தால் புளித்த மாவு வாசனை, முகத்தில் அடித்த மாதிரி. இன்னொரு பெட்டையைத் தொட்டுப் பார்த்தேன், அதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, தோல்தான். இத்தனை வருஷம் கோழி வளர்க்கிறேன், இந்த இடத்தைக் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மற்ற எட்டும் சேவலும் குஞ்சுகளும் ஓடியாடுகின்றன. இப்போது என்ன செய்யட்டும்?


மாடிக்கோழி (ஓசூர்)
புதன், காலை 7.40

அப்படியென்றால் இது இரைப்பை அடைப்பு. கேப்சூல் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதற்கு வீடியோ இருக்கிறது சிஸ்டர். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி இரைப்பையை வாய்ப் பக்கமாக நீவிவிட்டால் உள்ளே இருப்பது கொட்டிவிடும். ஒரே நிமிஷம்.


பழைய ஊசிப்பெட்டி (அரூர்)
புதன், காலை 7.52

வேண்டாம்! தலைகீழாகத் தூக்கவே வேண்டாம். கோழிக்கு நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்து மூடிக்கொண்டிருக்கும். இரைப்பையில் இருக்கிற புளித்த தண்ணீர் வாய்க்கு வந்தால் அதில் ஒரு மடக்கு மூச்சுக்குழலுக்குள் போனால் போதும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மொரப்பூர் பக்கம் ஒரு பாட்டி வீட்டில் நானே அப்படிச் செய்திருக்கிறேன். தண்ணீர் கொட்டியது, பாட்டி சந்தோஷப்பட்டார், மூன்றாவது நிமிஷம் கோழி என் கையிலேயே துடித்து அடங்கிவிட்டது. பாட்டி திட்டக்கூட இல்லை, மோர் கொடுத்து அனுப்பினார். இன்றைக்கும் மோர் குடிக்கும்போது சில சமயம் ஞாபகம் வரும்.

அம்மா, நடந்தது இப்படி இருக்கலாம். நார் நாராக ஏதோ ஒன்றைத் தின்று அது உருண்டையாகிக் கீழே இறங்காமல் நிற்கிறது. அதற்கு மேல் விழுந்த தீனியெல்லாம் தேங்கிப் புளிக்கிறது. புளிப்பில் பூஞ்சை வளரும், அந்த வாடைதான் நீங்கள் முகர்ந்தது. அந்த நேரத்தில் கேப்சூல் போட்டிருந்தால் நல்ல கிருமிகளும் செத்துப் பூஞ்சைக்கு இன்னும் கொண்டாட்டமாக ஆகியிருக்கும். உங்கள் வீட்டில் கேழ்வரகு அடித்த தாள் இருக்கும், எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான்.

இன்றைக்கு முழுக்கத் தீனி வேண்டாம். தண்ணீர் மட்டும் வையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் நல்லெண்ணெய் அரை டீஸ்பூன் எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது தானாக விழுங்க வேண்டும், நீங்கள் பீச்சக் கூடாது. அதன் பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம், அதே மாதிரி. அரை மணி கழித்து இரைப்பையை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகப் பிசையுங்கள். மாவு பிசைகிற பலம் வேண்டாம், பிள்ளை வயிற்றைத் தடவுகிற பலம் போதும். வாய்ப் பக்கம் தள்ளாதீர்கள். ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை. கெட்டி உடைந்து இளகினால் நாளை மறுநாள் காலையில் பை சின்னதாகியிருக்கும். ஆகவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை அத்தோடு நிறுத்திவிட்டு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் அறுத்து எடுப்பார், பெரிய ஆபரேஷன் எல்லாம் இல்லை.

பென்னாகரத்துத் தங்கச்சிக்கு: உங்கள் அம்மாவின் மருந்து மற்றக் கோழிகளுக்குக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. அடைத்த கோழிக்கு உருண்டை வைக்க வேண்டாம், இருக்கிற அடைப்போடு அதுவும் சேரும். இன்னொன்று, இதைக் கொடுக்கிறோமே என்று வெள்ளைக்கழிச்சல் ஊசியை விட்டுவிடாதீர்கள். ரெண்டும் வேறு வேறு.


பென்னாகரத்துக்காரி
புதன், காலை 9.30

சரிங்க ஐயா. போன வருஷம் ஊசி முகாமுக்கு வந்தபோது எங்கள் கோழி எல்லாம் புளியமரத்தில் ஏறிக்கொண்டது, பிடிக்க முடியவில்லை. இந்த வருஷம் முதல் நாள் ராத்திரியே பிடித்து மூடி வைக்கிறோம்.

அக்கா, எண்ணெய் விடும்போது கோழியை ஒரு பழைய துண்டில் சுற்றிக்கோங்க, தலை மட்டும் வெளியே. இல்லையென்றால் எண்ணெய் எல்லாம் உங்கள் புடவையில்தான் இருக்கும். அனுபவம்.


தக்காளித்தோட்டம்
சனி, இரவு 8.45

மூன்று நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கணும். நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை நாலு தடவை எண்ணெயும் தண்ணீரும் விட்டுப் பிசைந்தேன். துண்டு யோசனைக்கு நன்றி தங்கச்சி, அப்படியும் புடவை தப்பவில்லை. சாயங்காலம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது, சந்தோஷமாகப் படுத்தேன். வியாழன் காலையில் தொட்டால் தண்ணீர் இறங்கிவிட்டது, நடுவில் ஒரு கட்டி மட்டும் அப்படியே நிற்கிறது. வழுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்கிறது, உடையவில்லை. அன்றைக்கும் பிசைந்தேன். ராத்திரி அது நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தக்காளிக் கிரேட்டில் வைக்கோல் போட்டு அதில் உட்காரவைத்து, மேலே இன்னொரு கிரேட்டைக் கவிழ்த்துக் கட்டி மொபெட்டில் கொண்டுபோனோம். மருந்தகத்தில் எனக்கு முன்னால் மூன்று மாடு, ஒரு ஆடு. கோழிக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறாள் என்று ரெண்டு பேர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்ததுமே, "எத்தனை நாளா இப்படி இருக்கு? தலைகீழா எதுவும் தூக்கலையே?" என்றுதான் கேட்டார். ஐயாவை நினைத்துக்கொண்டேன்.

இரைப்பைக்கு மேல் இறகைப் பிடுங்கி, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு அங்குலத்துக்குக் கத்தி வைத்தார். ரத்தம் அதிகம் வரவில்லை. கோழி கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தது. இடுக்கியை விட்டு இழுத்தார். முதலில் கேழ்வரகுத் தாள், கொஞ்சம் அருகம்புல், நான் புதன்கிழமைக்கு முன்னால் போட்ட கம்பு புளித்துப்போய். அப்புறம் வெள்ளையாக ஒரு நுனி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, கிணற்றில் கயிறு இழுக்கிற மாதிரி. யூரியா சாக்கு நூல். நான் பனிக்காகக் கட்டிய அதே சாக்கு. கீழ் ஓரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது எனக்குத் தெரியும். அதைப் புழு என்று நினைத்துக் கொத்தியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு நெல்லிக்காயைவிடப் பெரிய பந்து. டாக்டரம்மா அதை என் கையில் வைத்து, "வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டு" என்றார்.

உள்ளே கழுவிவிட்டு, இரைப்பைக்கு ஒரு தையல், தோலுக்குத் தனியாக ஒரு தையல். பூஞ்சைக்கு மருந்தும், புண்ணுக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். வெளியே வாங்கியது 160 ரூபாய், பெட்ரோல் தனி. மாமியார் கணக்குப் போட்டார்: வியாபாரி கொடுக்க இருந்த 200 போச்சு, கைக்காசு 160 போச்சு. நான் அந்தப் பந்தைத் திண்ணையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தானே சாக்கைக் கழற்றி அடுப்புப் பக்கம் போட்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்குக் கேழ்வரகுக் கூழை வடிகட்டிக் கொஞ்சம் வைத்தேன். ஐந்தாறு தடவை அலகை நனைத்துக் குடித்தது. இன்னும் பிழைத்துவிட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.


மாடிக்கோழி (ஓசூர்)
சனி, இரவு 9.20

சிஸ்டர், படித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் கூண்டின் பக்கத்தில் நிழலுக்குக் கட்டிய பச்சை வலை ஓரம் பிரிந்து கிடக்கிறது. கத்தரித்து எடுத்துவிட்டேன். ஆறு கோழியின் இரைப்பையையும் நாளைக்குக் காலையில் தொட்டுப் பார்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம், மாடியில் கூண்டிலேயே இருக்கிற கோழிக்கு இந்த அடைப்பு அதிகம் வருமா?


பழைய ஊசிப்பெட்டி (அரூர்)
சனி, இரவு 10.40

அம்மா, நான் தாள் என்று நினைத்தேன், சாக்கு நூல் மனசுக்கு வரவே இல்லை. நீங்கள் முதல் நாளே சாக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள், நான்தான் தாண்டிப் போய்விட்டேன். அந்த நூல் எண்ணெய்க்கும் இளகாது, பிசைந்தாலும் உடையாது. இன்னும் ரெண்டு நாள் பிசைந்துகொண்டிருந்தால் கோழி போயிருக்கும். நேரத்தில் கொண்டுபோனது நல்லது.

பத்து நாளைக்கு அது தனியாகவே இருக்கட்டும். சிவப்பாகத் தையலைப் பார்த்தால் மற்றக் கோழிகள் கொத்திப் பிய்த்துவிடும், அதில் கோழிகளுக்கு இரக்கமே கிடையாது. ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூழ், அவித்த முட்டையின் மஞ்சள் கரு, பிசைந்த சோறு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. முழுத் தானியம் தையல் பிரிக்கிற வரைக்கும் வேண்டாம். தினமும் விடிகாலையில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள், காலியாக இருந்தால் சரி. மறுபடியும் முட்டை இட ஆரம்பித்தால், கொடுத்த மருந்துக்கு எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று டாக்டரம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். விற்கவும் கூடாது.

ஓசூர் தம்பிக்கு: வரும். கோழிக்குப் பல் இல்லை. கறி சுத்தம் செய்யும்போது உள்ளே மஞ்சள் தோலை உரித்து எறிவோமே, அந்த அரைவைப்பைதான் அதற்கு அம்மிக்கல். அதற்குள் சின்னச் சின்னக் கல் இருந்தால்தான் அரைபடும். வெளியே மேய்கிற கோழி தானே பொறுக்கித் தின்றுவிடும். மாடியில் கல்லுக்கு எங்கே போகும்? சலித்த ஆற்று மணலில் நிற்கிற பருக்கையை ஒரு கிண்ணத்தில் வையுங்கள், தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். நீளமான புல், கீரைத் தண்டு போட்டால் நறுக்கிப் போடுங்கள். உங்களுக்கு மத்திகிரியிலேயே கோழியின உற்பத்திக்கென்று கல்லூரி இருக்கிறது, வீடியோவை விட அங்கே போய்க் கேட்பது மேல்.

அம்மா, இன்னும் ஒன்று. இந்தத் தடவை வெள்ளைக்கழிச்சல் இல்லை என்பதற்காக உட்கார்ந்துவிடாதீர்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை தடுப்பூசி முகாம் போடுவார்கள், கட்டணம் கிடையாது. பெரிய கோழிகளுக்கு இறக்கையடியில் ஊசி. உங்கள் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் விடுகிற லசோட்டா என்கிற வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு விட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மருந்தகத்தில் சொல்லி இப்போதாவது விட்டுவிடுங்கள், எட்டு வாரம் தாண்டினதும் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட டப்பாவில்தான் கொண்டுவர வேண்டும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் தண்ணீரை விட்ட மாதிரிதான். சீக்குக் கோழிக்குப் போட வேண்டாம், மொட்டைவால் முழுசாகத் தேறட்டும். குஞ்சுகளுக்கு அந்த வயதில் ரத்தக்கழிச்சல் வரும், கூட்டுத் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். எச்சத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே மருந்தகம், மறுநாள் வரை பார்க்க வேண்டாம்.

கூட்டு வாசலுக்குப் பலகையை வையுங்கள்.


பென்னாகரத்துக்காரி
ஞாயிறு, காலை 6.50

ஐயா, இப்போதுதான் எங்கள் வீட்டில் ஏழு கோழியையும் தொட்டுப் பார்த்தேன். ஆறு காலி. ஒன்று நிறைந்திருந்தது, பயந்தே போனேன். பிறகு பார்த்தால் அது ராத்திரி தவிட்டு மூட்டையின் மேல் படுத்திருந்த கோழி. விடிய விடியத் தின்றிருக்கிறது திருடி.


தக்காளித்தோட்டம்
எட்டு நாள் கழித்து, திங்கள், மாலை 6.20

இன்று தையல் பிரித்தாச்சு. இரைப்பை தினமும் காலையில் காலியாகத்தான் இருக்கிறது. எடை இன்னும் ஏறவில்லை, மார்பெலும்பு கைக்குத் தட்டுகிறது, ஆனால் கொண்டையில் சிவப்பு வந்துவிட்டது. முட்டை இல்லை, அவசரமும் இல்லை. எச்சம் கெட்டியாக, நுனியில் ஐயா சொன்ன வெள்ளைத் தொப்பியோடு வருகிறது. இதையெல்லாம் சந்தோஷமாகப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

குஞ்சுகளுக்குச் சொட்டு விட்டோம், பதினாலும் நன்றாக இருக்கின்றன. கூட்டு வாசலுக்கு வீட்டுக்காரர் பழைய கட்டில் பலகையை அறுத்து வைத்திருக்கிறார். வியாபாரி நேற்று வந்து, "அந்தக் கோழி என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். காட்டினேன். 300 தருகிறேன் என்றார்.

பஞ்சாரத்தைத் திறந்து மொட்டைவாலை முற்றத்தில் விட்டேன். நேராகப் போய் மாமியார் காயப்போட்டிருந்த கோரைப்பாயின் ஓரத்தில் பிரிந்து நின்ற நூலைக் கொத்தி இழுக்க ஆரம்பித்தது. மாமியார்தான் முதலில் ஓடினார்.